இந்தியா – பாகிஸ்தான் டெஸ்ட்: 2007-க்குப் பிறகு நாம் இழந்தது எதை?

இந்தியாவும் பாகிஸ்தானும் கடைசியாக டெஸ்ட் ஆடியது 2007 டிசம்பரில், பெங்களூரு சின்னசாமி மைதானத்தில். கங்குலி 239 ரன் அடித்தார். ஆட்டம் டிரா. மூன்று போட்டிகள் கொண்ட தொடரை கும்ப்ளே தலைமையிலான இந்தியா 1-0 என்று வென்றது. 1952-இல் தொடங்கிய கணக்கில் அது 59-வது டெஸ்ட். அந்தக் கணக்கு இன்னும் 59-லேயே நிற்கிறது.

"அதனால் என்ன, உலகக் கோப்பையிலும் ஆசியக் கோப்பையிலும் மோதிக்கொண்டுதானே இருக்கிறார்கள்?" என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் நின்றுபோனது போட்டி இல்லை, சுற்றுப்பயணம். ஒரு அணி எதிரி நாட்டுக்குப் போய், ஐந்தாறு ஊர்களில் மாதக்கணக்கில் தங்கி, அந்த ஊர்க்காரர்கள் முன்னால் தோற்றும் ஜெயித்தும் திரும்பி வருவது சுற்றுப்பயணம். துபாயில் ஒரு ராத்திரி ஆடிவிட்டுப் போவதால் அது ஈடாகாது. இந்த வித்தியாசம் புரிய வேண்டுமென்றால் ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும்.

பாகிஸ்தான் டெஸ்ட் தகுதி பெற்றதும் ஆடிய முதல் தொடரே இந்தியாவில்தான், 1952 அக்டோபரில். பிரிவினை முடிந்து ஐந்தே வருடம். வந்த அணியின் கேப்டன் அப்துல் ஹஃபீஸ் கர்தார், 1946-இல் இங்கிலாந்தில் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆடியவர். அவருக்கு எதிரே இந்திய கேப்டனாக நின்ற லாலா அமர்நாத், லாகூரில் வளர்ந்து கிரிக்கெட் கற்றவர். பாகிஸ்தான் அணியிலிருந்த அமீர் இலாஹியும் முன்பு இந்தியத் தொப்பி போட்டவர்தான். டெல்லியில் நடந்த முதல் டெஸ்ட்டில் வினு மன்கட் 13 விக்கெட் எடுக்க, இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. அடுத்து லக்னோ. அங்கே விரிப்பு போட்ட பிட்ச்சில் ஃபசல் மஹ்மூத் 12 விக்கெட் எடுத்தார், இன்னிங்ஸ் வெற்றி இந்த முறை பாகிஸ்தானுக்கு. இந்த ஃபசல், 1947-48 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு இந்திய அணியில் தேர்வாகியிருந்தவர். பிரிவினையால் விலகினார். ஐந்து வருடம் கழித்து அதே இந்தியாவைச் சுருட்டினார். ஒரே வீட்டில் பாகப்பிரிவினை ஆன அண்ணன் தம்பி மாதிரி, அவர்களுக்கு ஒருவர் ஆட்டம் ஒருவருக்கு அத்துப்படி.

அந்தத் தொடரை இந்தியா 2-1 என்று ஜெயித்தது. கடைசி இரண்டு டெஸ்ட் டிரா. அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். 1954-55-இல் இந்தியா முதல் முறையாகப் பாகிஸ்தான் போனது. டாக்கா, பஹாவல்பூர், லாகூர், பெஷாவர், கராச்சி என ஐந்து டெஸ்ட், ஐந்தும் டிரா. ஐந்து போட்டித் தொடர் ஒன்று முழுவதுமாக டிரா ஆனது டெஸ்ட் வரலாற்றில் அதுவே முதல் முறை. 1960-61-இல் பாகிஸ்தான் இங்கே வந்தது. மறுபடி ஐந்தும் டிரா. சென்னை கார்ப்பரேஷன் மைதானத்தில் சந்து போர்டே ஆட்டமிழக்காமல் 177 அடித்தது அந்தத் தொடரில்தான். அதுவே அவருடைய டெஸ்ட் வாழ்க்கையின் அதிகபட்ச ரன். ஆனாலும் முடிவு டிரா.

தொடர்ந்து 12 டெஸ்ட் டிரா ஆனதற்குப் பிட்ச்சை மட்டும் குறை சொல்ல முடியாது. தோற்றுவிட்டு ஊருக்குப் போக முடியாது என்ற பயம் இரண்டு பக்கமும் இருந்தது. இங்கிலாந்திடம் தோற்றால் அது கிரிக்கெட் தோல்வி. பக்கத்து நாட்டிடம் தோற்றால் அது வேறு ஏதோ ஆகிவிடுகிறது. ஆக, ஜெயிக்கப் போகும் வழியில் தோற்கவும் வாய்ப்பு இருந்தால், அந்த வழியே வேண்டாம் என்று இரண்டு கேப்டன்களும் முடிவு செய்தார்கள். மொத்தம் 59 டெஸ்ட்டில் 38 டிரா, பாகிஸ்தானுக்கு 12 வெற்றி, இந்தியாவுக்கு 9. இந்த எண்களைப் பார்த்து "சலிப்பான தொடர்" என்று எழுதுகிறவர்கள் உண்டு. மைதானத்துக்குள் மட்டும் பார்த்தால் அது சரிதான்.

மைதானத்துக்கு வெளியே கதை வேறு. 1955 ஜனவரி இறுதியில் லாகூர் டெஸ்ட்டுக்காக எல்லை திறக்கப்பட்டது. அமிர்தசரஸ் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் எல்லை தாண்டி லாகூருக்குப் போனார்கள். அவர்களில் பலருக்கு அது ஏழு வருடம் முன்பு விட்டுவிட்டு வந்த சொந்த ஊர். ஸ்கோர் போர்டில் நடந்ததைப் பற்றி அவர்கள் எவ்வளவு கவலைப்பட்டிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு நாள் ஆட்டமாக இருந்திருந்தால் இப்படி ஏற்பாடு செய்திருக்கவே முடியாது. டெஸ்ட் நாள்கணக்கில் நடப்பதால்தான் போய்வர நேரம் கிடைத்தது.

1961-க்குப் பிறகு 17 வருடம் எதுவுமே இல்லை. நடுவில் 1965, 1971 என இரண்டு போர். 1978-இல் பிஷன் பேடி தலைமையில் இந்தியா பாகிஸ்தானுக்குப் போனபோதுதான் மறுபடி தொடங்கியது. ஃபைசலாபாத்தில் கபில் தேவ் அறிமுகமானது அந்தப் பயணத்தில். பேடி, பிரசன்னா, சந்திரசேகர் என்ற சுழல் கூட்டணியை ஜாகீர் அப்பாஸ் உடைத்துப் போட்டதும் அங்கேதான். மூன்று டெஸ்ட்டில் 583 ரன். பாகிஸ்தான் 2-0. அடுத்த வருடம் இங்கே வந்து 2-0 என்று தோற்றார்கள். 1980 ஜனவரியில் சேப்பாக்கத்தில் கவாஸ்கர் 166, கபில் 84 ரன்னும் 11 விக்கெட்டும். அந்தத் தலைமுறை சென்னை ரசிகர்களிடம் கேட்டால் இன்றும் பந்துபந்தாகச் சொல்வார்கள்.

இந்தக் காலகட்டத்தில் ஒரு விஷயம் தெளிவாகிறது. தொடர் நடக்குமா நடக்காதா என்பதைக் கிரிக்கெட் வாரியங்கள் முடிவு செய்வதே இல்லை. இரண்டு அரசுகளும் பேச வேண்டும் என்று நினைக்கும்போது தொடர் வருகிறது. பேச்சு முறியும்போது அதுவும் நிற்கிறது. இதற்கு 1987-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. எல்லையில் இந்திய ராணுவம் நடத்திய பிராஸ்டாக்ஸ் என்ற பெரிய போர்ப் பயிற்சியால் பதற்றம் உச்சத்தில் இருந்த நேரம். பாகிஸ்தான் அதிபர் ஜியா-உல்-ஹக், டெஸ்ட் பார்க்கப் போகிறேன் என்று ஜெய்ப்பூருக்கே வந்து இறங்கினார். ராஜீவ் காந்தியைச் சந்தித்தார். அந்தத் தொடரின் கடைசி டெஸ்ட்டில், பெங்களூருவில் பந்து பயங்கரமாகத் திரும்பிய பிட்ச்சில், கவாஸ்கர் தன் கடைசி டெஸ்ட் இன்னிங்ஸில் 96 அடித்தும் பாகிஸ்தான் 16 ரன்னில் ஜெயித்தது. இந்திய மண்ணில் அவர்கள் ஜெயித்த முதல் தொடர் அது. இம்ரான் கான் தலைமை.

நடுவர்கள் விஷயமும் இங்கேதான் வருகிறது. அந்தக் காலத்தில் உள்ளூர் நடுவர்கள்தான் டெஸ்ட்டில் நிற்பார்கள். இந்தியா – பாகிஸ்தான் ஆட்டத்தில் ஒவ்வொரு எல்பிடபிள்யூவும் ஒரு சண்டை. 1989-இல் நம்ம ஸ்ரீகாந்த் தலைமையில் இந்தியா பாகிஸ்தான் போனபோது, இம்ரான் வற்புறுத்தலால் ஹாம்ப்ஷயர், ஹோல்டர் என்று இரண்டு இங்கிலாந்து நடுவர்கள் நின்றார்கள். இன்று சாதாரணமாகத் தெரியும் மூன்றாம் நாட்டு நடுவர் முறை வேர்விட்டதில் இந்தப் பகைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்தப் பயணத்தில் 16 வயது சச்சின் அறிமுகமானார். நான்கு டெஸ்ட்டும் டிரா. பாகிஸ்தான் மண்ணில் ஒரு டெஸ்ட்கூடத் தோற்காமல் திரும்பிய ஸ்ரீகாந்தைக் கேப்டன் பதவியிலிருந்தும் அணியிலிருந்தும் நீக்கினார்கள். அது அநியாயம் என்பது என் தீர்மானமான கருத்து.

அதற்கடுத்து ஒன்பது வருட இடைவெளி. 1991-இல் தொடர் ஒன்று திட்டமிடப்பட்டது. சிவசேனாவினர் மும்பை வான்கடே பிட்ச்சைத் தோண்டிப் போட்டார்கள், தொடர் ரத்தானது. 1999 ஜனவரியில் பாகிஸ்தான் வருவதாக இருந்தபோது டெல்லி கோட்லா பிட்ச்சைச் சேதப்படுத்தினார்கள். மும்பையில் வாரிய அலுவலகத்தையும் அடித்து நொறுக்கினார்கள். உள்துறை அமைச்சர் அத்வானி தலையிட்டுப் பேசிய பிறகுதான் எதிர்ப்பு நின்றது. டெல்லி பிட்ச் தயாராக அவகாசம் வேண்டியிருந்ததால் முதல் டெஸ்ட் சென்னைக்கு மாறியது.

அப்படித்தான் 1999 ஜனவரி 28 அன்று வாசிம் அக்ரமின் அணி சேப்பாக்கத்தில் இறங்கியது. இந்த ஒரு டெஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பாகிஸ்தான் 238, இந்தியா 254. இரண்டாவது இன்னிங்ஸில் அஃப்ரிதி 141 அடித்தார். பாகிஸ்தான் பெரிய ஸ்கோர் போகப்போகிறது என்று இருந்த நேரத்தில் வெங்கடேஷ் பிரசாத் 33 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து 286-இல் முடித்தார். இந்தியாவுக்கு இலக்கு 271. நான்காம் நாள், ஞாயிற்றுக்கிழமை. 82 ரன்னுக்கு 5 விக்கெட் போய்விட்டது. சச்சினும் நயன் மோங்கியாவும் சேர்ந்து 136 ரன். முதுகுவலியில் சச்சின் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முகம் சுளித்தார். இனி 17 ரன் போதும் என்ற நிலையில் சக்லைன் முஷ்டாக் பந்தைத் தூக்கி அடித்தார், வாசிம் அக்ரம் பிடித்தார். சச்சின் எடுத்தது 136 ரன். மீதி 3 விக்கெட்டும் அடுத்த 4 ரன்னுக்குள் காலி. 12 ரன்னில் தோல்வி. சக்லைனுக்கு இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட்.

அரங்கம் சில நொடி உறைந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் தன் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தார், அந்தக் கைதட்டல் அவர்களோடு கேலரி கேலரியாக நகர்ந்தது. இரண்டு வருடம் முன்பு, 1997 மே மாதம், இதே மைதானத்தில் சயீத் அன்வர் இந்தியாவுக்கு எதிராக ஒருநாள் போட்டியில் 194 அடித்து உலக சாதனை செய்தபோதும் இப்படித்தான் எழுந்து நின்றார்கள். சென்னைக்காரர்களின் பெருந்தன்மை என்று இதைச் சொல்லிச் சொல்லி ஒரு பெருமை வார்த்தையாக்கிவிட்டோம். ஆனால் அந்தக் கைதட்டல் எப்படிச் சாத்தியமானது என்று யோசித்தால் எனக்கு டெஸ்ட்டின் நீளம்தான் காரணமாகத் தெரிகிறது. நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு சக்லைன் எவ்வளவு உழைத்தார் என்பது தெரியும். மூன்று மணிநேர ஆட்டத்தில் தெரிந்துகொள்ள அவகாசம் இல்லை.

எல்லா ஊரும் சென்னை இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டெல்லி டெஸ்ட்டில் கும்ப்ளே 74 ரன்னுக்கு 10 விக்கெட்டும் எடுத்து இந்தியா ஜெயித்தது. தொடர் 1-1. அடுத்து ஆசிய டெஸ்ட் சாம்பியன்ஷிப்புக்காக கொல்கத்தாவில் மோதினார்கள். சச்சின், ஷோயப் அக்தருடன் மோதி ரன் அவுட் ஆனதும் கூட்டம் கொந்தளித்தது. கடைசி நாள் ரசிகர்களை வெளியேற்றிவிட்டு, காலி அரங்கத்தில் ஆட்டத்தை முடித்தார்கள். வாஜ்பாய் லாகூருக்கு பஸ்ஸில் போனதும் அதே சமயத்தில்தான். மூன்று மாதத்தில் கார்கில் வந்தது. மறுபடி கதவு சாத்தப்பட்டது.

அது திறந்தது 2004 மார்ச்சில். 1989-க்குப் பிறகு பாகிஸ்தானில் இந்தியாவின் முதல் முழு சுற்றுப்பயணம். மூன்று டெஸ்ட், ஐந்து ஒருநாள் போட்டி. கிளம்பும் முன் வாஜ்பாய் அணியை அழைத்து, ஆட்டத்தை மட்டுமல்ல மனங்களையும் வென்று வாருங்கள் என்று வாழ்த்தி அனுப்பினார். தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது, அவருக்கு அதில் அரசியல் கணக்கும் இருந்திருக்கும். இருக்கட்டும். ஆயிரக்கணக்கான இந்திய ரசிகர்களுக்கு விசா கிடைத்தது. போய் வந்தவர்கள் அத்தனை பேரும் சொன்ன ஒரே மாதிரிக் கதை: டாக்ஸிக்காரர் காசு வாங்கவில்லை, கடைக்காரர் பில் போடவில்லை.

ஆட்டத்தில், முல்தானில் சேவாக் 309. இந்தியர் ஒருவர் அடித்த முதல் முச்சதம். (இரண்டாவதும் அவருடையதே, 2008-இல் நம்ம சேப்பாக்கத்தில்.) சச்சின் 194-இல் நிற்கும்போது பொறுப்பு கேப்டன் டிராவிட் டிக்ளேர் செய்தது இன்றுவரை டீக்கடை விவாதம். இன்னிங்ஸ் வெற்றி, பாகிஸ்தான் மண்ணில் இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றி. முதல் பயணம் போய் 49 வருடம் ஆகியிருந்தது. லாகூரில் உமர் குல் பந்துவீச்சில் பாகிஸ்தான் திருப்பிக் கொடுத்தது. ராவல்பிண்டியில் டிராவிட் 270, தொடர் 2-1.

ராவல்பிண்டியில் 7 விக்கெட் எடுத்தவர் நம்ம லட்சுமிபதி பாலாஜி. அதற்கு முன்பே ஒருநாள் தொடரில் ஷோயப் அக்தரைத் தூக்கி சிக்சர் அடித்து, எப்போதும் சிரித்த முகமாக இருந்து, பாகிஸ்தான் ரசிகர்களின் செல்லப்பிள்ளையாகிவிட்டார். லாகூரில் கேலரியே அவர் பெயரை வைத்துப் பாட்டுப் பாடியது. சென்னையிலிருந்து போன ஒரு பையனின் பெயரைப் பாட்டில் கோர்த்துப் பாடினார்கள். ஒரு மாதத்துக்கு மேல் அங்கே இருந்ததால் வந்த நெருக்கம் இது. இத்தனைக்கும் டெஸ்ட் நாட்களில் கேலரிகள் நிரம்பவில்லை. ஒருநாள் போட்டிகளுக்குத்தான் கூட்டம். டெஸ்ட்டுக்காக அணி தங்கியதுதான் முக்கியமாக இருந்தது.

2005-இல் பாகிஸ்தான் இங்கே வந்தது. மொஹாலிக்கு எல்லை தாண்டி வந்த ரசிகர்களை உள்ளூர் மக்கள் வீட்டிலேயே தங்க வைத்துக்கொண்டார்கள். டெல்லி ஒருநாள் ஆட்டத்துக்குப் பாகிஸ்தான் அதிபர் முஷாரஃப் வந்தார். 2006-இல் இந்தியா அங்கே போனது, கராச்சியில் முதல் ஓவரிலேயே இர்ஃபான் பதான் ஹாட்ரிக் எடுத்தும் தோற்றது. 2007-இல் மறுபடி இங்கே. நான்கு வருடத்தில் நான்கு தொடர், 12 டெஸ்ட். இனி இதுதான் வழக்கம் என்று நம்பிவிட்டோம்.

2008 நவம்பர் 26, மும்பை. அடுத்த ஜனவரியில் இந்தியா போக வேண்டிய பாகிஸ்தான் பயணம் ரத்து. அந்த இடத்துக்கு இலங்கை போனது. 2009 மார்ச் 3 காலை, லாகூர் கடாஃபி மைதானத்துக்குப் போகும் வழியில் இலங்கை அணியின் பஸ்ஸைத் துப்பாக்கிகள் சூழ்ந்தன. காவலர்கள் உட்பட எட்டுப் பேர் இறந்தார்கள். கராச்சி, லாகூர் இரண்டிலும் இரட்டைச் சதம் அடித்திருந்த திலான் சமரவீரவுக்குக் காலில் குண்டு. பஸ் ஓட்டுநர் நிறுத்தாமல் மைதானத்துக்குள் ஓட்டிக்கொண்டு போய் மற்றவர்களைக் காப்பாற்றினார். அதன் பிறகு பத்து வருடம் பாகிஸ்தானில் டெஸ்ட்டே இல்லை. "சொந்த மண்" ஆட்டங்களை துபாயிலும் அபுதாபியிலும் ஆடினார்கள். 2019 டிசம்பரில் ராவல்பிண்டிக்கு முதலில் திரும்பி வந்த அணி எது தெரியுமா? அதே இலங்கை.

இந்தியா – பாகிஸ்தான் இடையே நடந்த கடைசி இருதரப்புத் தொடர் 2012 டிசம்பரில் தொடங்கிய குட்டிப் பயணம். இரண்டு டி20, மூன்று ஒருநாள். சேப்பாக்கத்தில் தோனி சதம் அடித்தும் தோற்ற ஆட்டம் நினைவிருக்கும். டெஸ்ட் இல்லை. 2014-இல் இரு வாரியங்களும் 2015 முதல் 2023 வரை ஆறு தொடர் ஆடுவதாக ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஒன்றுகூட நடக்கவில்லை. அரசு அனுமதி இல்லை என்றது இந்திய வாரியம். பாகிஸ்தான் வாரியம் இழப்பீடு கேட்டு, சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசியின் தீர்ப்பாயத்துக்குப் போனது, 2018 நவம்பரில் தோற்றது.

இவ்வளவு காலம் இது நீடிப்பதற்கு அரசியல் மட்டும்தான் காரணமா? பணமும் இருக்கிறது. இருதரப்புத் தொடர் நடந்தால் ஒளிபரப்புப் பணம் நடத்தும் வாரியத்துக்குப் போகும். தொடரே இல்லையென்றால் இந்த மோதலின் மொத்த மதிப்பும் ஐசிசி, ஆசியக் கோப்பை போட்டிகளுக்குள் அடங்கிவிடுகிறது. அதனால்தான் உலகப் போட்டிகளில் இரு அணிகளும் தவறாமல் ஒரே பிரிவில் வருகின்றன. 2022 அக்டோபரில் மெல்போர்னில் ஒரு டி20 ஆட்டத்துக்கு 90,293 பேர் வந்தார்கள். இப்படிப்பட்ட ஒரு ஆட்டம் தொடரின் மொத்த விலையையும் ஒரே ராத்திரியில் தந்துவிடும். இந்திய வாரியத்துக்கு வேறு வருமானம் ஏராளம், நஷ்டமே தெரியாது. பாகிஸ்தான் வாரியத்துக்குத்தான் அடி. ஆனால் இந்த ஏற்பாட்டை மாற்ற வேண்டிய அவசரம் பணம் வைத்திருக்கும் யாருக்கும் இல்லை.

2019-இல் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் வந்தபோது, இனி ஆடித்தானே ஆக வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். விதியிலேயே வழி விட்டிருந்தார்கள். ஒன்பது அணிகள், ஒவ்வொன்றும் இரண்டு வருடத்தில் ஆறு அணிகளோடு ஆடினால் போதும். இரண்டு அணிகளைத் தவிர்க்கலாம். இந்தியா தவிர்க்கும் அணிகளில் ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் பாகிஸ்தான். 2025 ஆகஸ்ட்டில் இந்திய விளையாட்டு அமைச்சகம் இதைக் கொள்கையாகவே அறிவித்தது: இருதரப்புத் தொடர் கிடையாது, பல நாடுகள் ஆடும் போட்டிகளில் ஆடலாம். அடுத்த மாதம் துபாயில் ஆசியக் கோப்பை. மூன்று முறை மோதினார்கள், ஒரு முறைகூடக் கைகுலுக்கவில்லை.

எல்லையில் உயிர்கள் போகும்போது கிரிக்கெட் எதற்கு என்று கேட்பவர்களின் கோபத்தை நான் மதிக்கிறேன். ஆடவே கூடாது என்பது ஒரு நேர்மையான நிலைப்பாடு. ஆனால் டிவி வருமானம் கொட்டும் ஆட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டு, மனிதர்கள் போய்வரும் தொடர்களை நிறுத்துவது எந்தக் கொள்கையிலும் சேராது. பகையில் இருந்த விறுவிறுப்பு மட்டும் மிஞ்சுகிறது, அதைத் தணிக்கக் கூடிய நாட்கள் காணாமல் போகின்றன.

ஆட்டத்தின் கணக்கில் இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதை வீரர்களை வைத்துப் பாருங்கள். விராட் கோலி 123 டெஸ்ட் ஆடி ஓய்வு பெற்றார், பாகிஸ்தானுக்கு எதிராக ஒன்றுகூட இல்லை. புஜாரா 103, ஒன்றுகூட இல்லை. அஸ்வின் 106 டெஸ்ட்டில் எடுத்த 537 விக்கெட்டில் ஒரு பாகிஸ்தான் பேட்ஸ்மேன்கூடக் கிடையாது. யூனிஸ் கான் சுழற்பந்தை ஸ்வீப் அடிக்கும் விதத்துக்கு அஸ்வின் எந்த இடத்தில் ஃபீல்டர் வைத்திருப்பார்? ஐந்தாம் நாள் பிட்ச்சில் யாசிர் ஷாவின் லெக் ஸ்பின்னுக்கு புஜாரா இறங்கி வந்து ஆடுவாரா, பின்காலில் நிற்பாரா? இந்தக் கேள்விகளுக்கு இனி விடை கிடைக்காது.

இன்றைய ஏற்பாட்டில் 60-வது டெஸ்ட்டுக்கு இருக்கும் ஒரே வழி, இரு அணிகளும் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப்போட்டிக்கு வருவது. 2031 வரை அந்த இறுதிப்போட்டிகளை இங்கிலாந்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படி ஒன்று அமைந்தால் ஐந்து நாளும் நான் டிவி முன்னால்தான் இருப்பேன். டிக்கெட் லண்டனிலும் பர்மிங்காமிலும் வாழ்பவர்களுக்குக் கிடைக்கும். லாகூர்க்காரருக்கும் அமிர்தசரஸ்காரருக்கும் கிடைக்காது. சேப்பாக்கத்துக்கும் இல்லை.